குற்றச்சாட்டுக்கும் குற்றத்துக்கும் இடையே: டியூக் லாக்ராஸ் வழக்கும் அவசரத் தீர்ப்பும்

ஒருவர் மீது காவல்துறையில் புகார் கொடுக்கப்படுகிறது. விசாரணைக்குப் பின் அரசுத் தரப்பு அவர் மீது முறையாகக் குற்றம் சாட்டுகிறது. பின்னர் நீதிமன்றம் சாட்சியங்களை ஆராய்ந்து, குற்றம் நிரூபணமாயிற்றா இல்லையா என்று முடிவு சொல்கிறது. புகார், குற்றச்சாட்டு, நிரூபணம் என்னும் இம்மூன்றும் வெவ்வேறு நிலைகள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் செல்ல ஒவ்வொரு முறையும் புதிய ஆதாரம் தேவைப்படுகிறது. ஆனால் பரபரப்பான ஒரு வழக்கைப் பற்றி நாளிதழில் வாசிக்கும்போது, முதல் நிலையில் நின்றுகொண்டே மூன்றாவது நிலையின் முடிவை நாம் சொல்லிவிடுகிறோம். இதைத்தான் அவசரத் தீர்ப்பு என்கிறோம்.

அவசரம் என்றவுடன் நேரத்தைப் பற்றிய குறை என்று தோன்றும். விரைவாக ஒரு கருத்துக்கு வருவதில் பெரிய தவறில்லை. செய்தியைக் கேட்ட மனம் ஏதோ ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். அந்தச் சாய்வு உறைந்துபோய், பின்னால் வரும் எந்த ஆதாரத்தாலும் அசைக்க முடியாததாக ஆகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரே நாளில் எடுத்த முடிவை மறுநாள் கிடைத்த சான்றுக்காக மாற்றிக்கொள்பவர் அவசரக்காரர் அல்லர். ஓராண்டு முழுவதும் விசாரித்தும், முதல் நாள் முடிவுக்கு ஒத்துவராத எல்லாவற்றையும் ஒதுக்கியே வந்தவர்தான் அவசரக்காரர். இந்த வேறுபாட்டை விளக்க, 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்தவரை இல்லை.

டர்ஹாம் நகரில் ஓர் இரவு

டர்ஹாம், டியூக் பல்கலைக்கழகம் அமைந்துள்ள நகரம். கட்டணம் மிகுந்த, பெரும்பாலும் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் தனியார் பல்கலைக்கழகம் அது. அதே நகரில், கறுப்பின மாணவர்களுக்கெனத் தொடங்கப்பட்டு நீண்ட வரலாறு கொண்ட வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. லாக்ராஸ் என்பது, வலை பொருத்திய நீண்ட கோலால் பந்தைப் பிடித்தும் எறிந்தும் ஆடப்படும் ஆட்டம். வட அமெரிக்கப் பழங்குடியினரிடமிருந்து வந்தது என்றாலும், இன்று அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலுள்ள வசதியான தனியார் பள்ளிகளோடு சேர்த்தே பேசப்படுகிறது. டியூக்கின் ஆடவர் லாக்ராஸ் அணி 2005இல் தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதியாட்டம்வரை சென்று ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்ற அணி. அதில் 47 வீரர்கள். ஒருவரைத் தவிர அனைவரும் வெள்ளையர்.

2006 மார்ச் 13ஆம் தேதி இரவு, அணித் தலைவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் ஒரு விருந்து நடந்தது. பணம் கொடுத்து இரண்டு நடனப் பெண்களை வரவழைத்திருந்தார்கள். நடனம் சில நிமிடங்களிலேயே வாக்குவாதத்தில் முடிந்தது. அந்தப் பெண்களில் ஒருவர், மத்தியப் பல்கலைக்கழகத்தில் படித்துவந்த கறுப்பினப் பெண், அந்த வீட்டின் குளியலறையில் மூன்று பேர் தம்மை வன்புணர்வு செய்ததாக அன்றிரவு பின்னேரத்தில் தெரிவித்தார். இப்படியொரு புகார் வந்தால் காவல்துறை அதை முழு அக்கறையோடு விசாரிக்க வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று பரிசோதித்ததும், வீட்டைச் சோதனையிட்டதும் சரியான நடவடிக்கைகளே.

அந்த இரவில் மாணவர்களின் நடத்தையும் பாராட்டத்தக்கதாக இருக்கவில்லை. பெண்கள் வெளியேறும்போது ஒரு மாணவர் இனவெறி தொனிக்கும் வசவை உரக்கச் சொன்னதை அண்டை வீட்டார் கேட்டிருக்கிறார். விருந்து முடிந்த சில மணி நேரத்தில் ஓர் அணி வீரர், நடனப் பெண்களைக் கொல்வதைப் பற்றி நகைச்சுவை என்று நினைத்து எழுதிய மின்னஞ்சல் அருவருப்பானது. இவை உண்மை. ஆனால் இவை எவையும், மூன்று பேர் ஒரு பெண்ணை வன்புணர்வு செய்தார்கள் என்பதற்கான சான்று ஆகா. ஒருவருடைய குணத்தைப் பற்றிய முடிவையும், அவர் ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்தாரா என்பதைப் பற்றிய முடிவையும் குழப்பிக்கொள்வது அவசரத் தீர்ப்பின் முதல் படி. ‘நெருப்பில்லாமல் புகையுமா’ என்று நாம் சொல்லிக்கொள்ளும்போது, பெரும்பாலும் வேறு எங்கோ எரியும் நெருப்பின் புகையைத்தான் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கிறோம்.

கைமாறிய உறுதி

மார்ச் 24ஆம் தேதி, டர்ஹாம் மாவட்ட அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங் இந்த விசாரணையின் பொறுப்பைத் தாமே ஏற்றார். அமெரிக்காவில் இந்தப் பதவி பெரும்பாலான மாநிலங்களில் தேர்தல் மூலம் நிரப்பப்படுவது என்பதை நம் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். நைஃபாங் காலியிடத்தில் நியமிக்கப்பட்டவர். முதன்முறையாக வாக்காளர்களைச் சந்திக்கவிருந்தார். கட்சிக்குள்ளான வேட்பாளர் தேர்தல் மே 2ஆம் தேதி. விசாரணைப் பொறுப்பை ஏற்ற அடுத்த சில நாள்களில் அவர் டசன் கணக்கான பேட்டிகள் அளித்தார். வன்புணர்வு நடந்தது என்று தமக்கு உறுதியாகத் தெரியும் என்றார். மாணவர்களைப் போக்கிரிகள் என்ற பொருளில் சாடினார். தவறு செய்யாதவர்களுக்கு வழக்கறிஞர் எதற்கு என்றும் கேட்டார். இந்தக் கடைசிக் கேள்வியை ஓர் அரசு வழக்கறிஞர் கேட்டது இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது. வழக்கறிஞரை வைத்துக்கொள்வது சட்டம் தரும் உரிமை. அதைக் குற்ற ஒப்புதலாகப் படிக்கத் தொடங்கினால் அந்த உரிமையைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் குற்றவாளி ஆகிவிடுவார்கள். அந்த வீட்டில் குடியிருந்த மூவர், வழக்கறிஞர் துணையின்றியே தாமாக வாக்குமூலமும் மரபணு மாதிரியும் கொடுத்து, உண்மை கண்டறியும் கருவிப் பரிசோதனைக்கும் இசைந்திருந்தார்கள் என்ற செய்தி அந்தப் பேட்டிகளில் இடம்பெறவில்லை.

அரசு வழக்கறிஞர் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறார் என்றால் அவரிடம் ஏதோ ஆதாரம் இருக்க வேண்டும் என்று செய்தியாளர்கள் நினைத்தார்கள். செய்தியாளர்கள் இவ்வளவு எழுதுகிறார்கள் என்றால் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று ஊர் நினைத்தது. ஊர் கொதிக்கிறது என்பதால் பல்கலைக்கழகம் ஏதேனும் செய்தாக வேண்டியிருந்தது. பல்கலைக்கழகமே நடவடிக்கை எடுத்துவிட்டது என்பது செய்தியாளர்களுக்கு மேலும் ஒரு சான்றாகப்பட்டது. உறுதி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவரும் அடுத்தவரின் உறுதியை ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கிலியின் தொடக்கத்தில் இருந்தவரோ, அந்தப் பெண்ணிடம் அன்றிரவு என்ன நடந்தது என்று தாமே அமர்ந்து கேட்டிருக்கவில்லை. வழக்கின் நிகழ்வுகளைப் பற்றி அவரோடு தாம் இன்னும் பேசவில்லை என்று அக்டோபர் மாதத்தில், அதாவது குற்றச்சாட்டு பதிவாகி ஆறு மாதம் கழித்து, நைஃபாங் நீதிமன்றத்திலேயே சொன்னார்.

அந்த வீட்டின் முன் மெழுகுவர்த்தி ஏந்தியும் பாத்திரங்களைத் தட்டியும் போராட்டங்கள் நடந்தன. வீரர்களின் படங்களைத் தேடப்படும் குற்றவாளிகளின் அறிவிப்பைப் போல அச்சிட்டு வளாகத்தில் ஒட்டினார்கள். ஏப்ரல் 5ஆம் தேதி அந்த மின்னஞ்சல் வெளியானதும், 16 ஆண்டுகளாகப் பயிற்சியாளராக இருந்த மைக் பிரெஸ்லர் பதவி விலகினார். பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் பிராட்ஹெட் அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள் அனைத்தையும் ரத்து செய்தார். மறுநாள் டியூக் பேராசிரியர்கள் 88 பேர் கையெழுத்திட்ட விளம்பரம் மாணவர் நாளிதழில் வந்தது. இன, பாலினப் பாகுபாட்டைப் பற்றி மாணவர்கள் சொன்னவற்றைத் தொகுத்த அந்த விளம்பரம், யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை என்று கையெழுத்திட்டவர்கள் பின்னர் விளக்கினார்கள். அது சரிதான். எனினும் எந்த நாளில், எந்தச் சூழலில் வெளியானது என்பதை வைத்துத்தான் ஓர் அறிக்கையை வாசகர் புரிந்துகொள்வார் என்பது பேராசிரியர்களுக்குத் தெரியாததல்ல. அந்த நாள்வரை ஒருவர் மீதுகூடக் குற்றச்சாட்டு பதிவாகியிருக்கவில்லை.

சோதனைக்கு முன்பும் பின்பும்

இந்த வழக்கில் புதிதாகக் கற்பவருக்கு மிகவும் பயன்படும் பகுதி மரபணுப் பரிசோதனை குறித்தது. மார்ச் 23ஆம் தேதி, 46 வெள்ளை வீரர்களிடமும் மாதிரி எடுக்க நீதிமன்ற அனுமதி கேட்டபோது, இந்தப் பரிசோதனை நிரபராதிகளை உடனே விலக்கிவிடும், குற்றவாளி யார் என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டும் என்று அரசுத் தரப்பு எழுதிக்கொடுத்தது. 46 பேரும் மாதிரி கொடுத்தார்கள். பெண்ணின் உடலிலிருந்தும் உடையிலிருந்தும் எடுக்கப்பட்ட மாதிரிகளில் எதுவும் எந்த வீரருடனும் பொருந்தவில்லை என்று ஏப்ரல் 10ஆம் தேதி வெளியானது.

தாமே வைத்த அளவுகோலின்படி விசாரணை அங்கே திசை மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. மரபணு கிடைக்காத வன்புணர்வு வழக்குகள் எத்தனையோ உண்டு, அதனால் இது ஒன்றும் பெரிதல்ல என்று நைஃபாங் இப்போது சொன்னார். பொதுவாகப் பார்த்தால் அந்தக் கூற்று பொய்யன்று. ஆனால் சோதனைக்கு முன் ‘எல்லாவற்றையும் காட்டிவிடும்’ என்று சொல்லப்பட்டது, சோதனைக்குப் பின் ‘எதையும் காட்டாது’ என்று ஆகிவிட்டதைக் கவனியுங்கள். பொருந்தியிருந்தால் மாணவர்கள் குற்றவாளிகள்; பொருந்தாவிட்டாலும் குற்றவாளிகள். இரண்டு விடைகளும் ஒரே முடிவுக்கே இட்டுச்செல்லும் என்றால், அந்தச் சோதனையை நடத்தவே தேவையில்லை. ஒரு விசாரணை உண்மையைத் தேடுகிறதா, முடிவுக்கு ஏற்ற ஆதாரத்தைத் தேடுகிறதா என்று வெளியிலிருந்து பார்ப்பவர் கண்டுகொள்ள இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

இதற்கிடையே, ஏப்ரல் 4ஆம் தேதி, புகைப்படங்களைக் கொண்டு ஓர் அடையாள அணிவகுப்பு நடத்தப்பட்டது. அடையாள அணிவகுப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய ஒருவரின் படத்தை, வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத, ஆனால் தோற்றத்தில் ஓரளவு ஒத்த வேறு சிலரின் படங்களோடு கலந்து சாட்சியிடம் காட்டுவார்கள். சாட்சியின் நினைவு சரியாக இல்லாவிட்டால், தொடர்பில்லாத யாரையோ காட்டுவார். உடனே அந்த நினைவின் நம்பகத்தன்மை வெளிப்பட்டுவிடும். கலக்கப்படும் அந்த வேற்றுப் படங்கள்தான் சோதனையின் உயிர். யார் சந்தேகத்துக்குரியவர் என்று அறியாத ஓர் அதிகாரி அதை நடத்த வேண்டும் என்பதும், அவர் அறியாமலேயே குறிப்பு கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

ஏப்ரல் 4ஆம் தேதி காட்டப்பட்ட 46 படங்களும் லாக்ராஸ் வீரர்களுடையவையே. வேற்றுப் படம் ஒன்றுகூட இல்லை. நடத்தியவரும் அந்த வழக்கை விசாரித்த குழுவோடு தொடர்புள்ள காவல் அதிகாரியே. காட்டப்படுபவர்கள் அனைவரும் விருந்தில் இருந்ததாகக் கருதப்படுபவர்கள் என்றும் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஆகவே அவர் எந்தப் படத்தைக் காட்டியிருந்தாலும் அது ஒரு லாக்ராஸ் வீரரைத்தான் காட்டியிருக்கும். தவறு செய்வதற்கான வாய்ப்பே அந்த ஏற்பாட்டில் இல்லை, எனவே அவர் சொன்னது சரி என்று அறிவதற்கான வாய்ப்பும் இல்லை. அவர் இருவரை முழு உறுதியோடு காட்டினார். மூன்றாமவரை, மீசை இருந்தால் அவர்தான், 90 விழுக்காடு உறுதி என்றார். விருந்தில் இருந்ததாக அவர் காட்டிய வேறொரு மாணவர் அன்றிரவு டர்ஹாம் நகரிலேயே இருக்கவில்லை. அந்த ஒரு பிழையே விசாரணை அதிகாரிகளை நிறுத்தி யோசிக்க வைத்திருக்க வேண்டியது. ஆனால் அதே அணிவகுப்பின் அடிப்படையில்தான் மூன்று மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

அவர்களில் முதலாமவரைப் பற்றிய விவரங்கள் நிமிடக் கணக்கில் கிடைக்கின்றன. விருந்தில் எடுக்கப்பட்ட, நேரம் பதிவான படங்களின்படி நடனம் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி 12.04 வாக்கில் நின்றது. 12.05இலிருந்து 12.14 வரை அந்த மாணவரின் கைப்பேசியில் தொடர்ச்சியாக அழைப்புகள். 12.19க்கு டாக்ஸி வந்து அவரை ஏற்றிக்கொண்டது. 12.24க்கு ஏ.டி.எம். இயந்திரத்தின் கேமராவில் அவர் பதிவாகியிருக்கிறார். 12.46க்குத் தமது விடுதிக் கதவை அட்டையால் திறந்திருக்கிறார். இந்த விவரங்களை அவருடைய வழக்கறிஞர்கள் தாமாகவே அரசுத் தரப்புக்குக் காட்ட முன்வந்தபோது நைஃபாங் அவற்றைப் பார்க்க மறுத்தார். மாறாக, அந்த டாக்ஸி ஓட்டுநர் 2003ஆம் ஆண்டின் பழைய கடைத்திருட்டு வழக்கு ஒன்றில் திடீரெனக் கைது செய்யப்பட்டார். அந்த வழக்கில் அவர் பின்னர் விடுவிக்கப்பட்டார்.

கிராண்ட் ஜூரி என்ன சொன்னது, என்ன சொல்லவில்லை

ஏப்ரல் 17ஆம் தேதி கிராண்ட் ஜூரி இரண்டு மாணவர்கள் மீதும், மே 15ஆம் தேதி மூன்றாமவர் மீதும் குற்றச்சாட்டை உறுதிசெய்தது. குடிமக்கள் அடங்கிய ஒரு குழு ஆதாரங்களைப் பார்த்துத்தானே முடிவெடுத்திருக்கும் என்று அப்போது பலரும் எண்ணினார்கள். வட கரோலினாவில் கிராண்ட் ஜூரி அரசுத் தரப்பு அனுப்பும் சாட்சிகளை மட்டுமே கேட்கிறது. எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. அங்கே பேசப்படுவது எழுத்தில் பதிவாவதும் இல்லை. விசாரணைக்கு உட்படுத்தப் போதுமான காரணம் இருப்பதாகத் தோன்றுகிறதா என்பதே அதன் கேள்வி. குற்றம் செய்தாரா என்பது அதன் கேள்வியே அன்று. ஆனால் கைவிலங்குடன் அழைத்துச் செல்லப்படும் படமும், கைதின்போது காவல்துறை எடுத்த முகப்படமும் வார இதழின் அட்டையில் வந்துவிட்டால், வாசகர் மனத்தில் இந்த நுட்பமான வேறுபாடு நிற்காது.

குற்றம் நிரூபணமாகும்வரை ஒருவர் நிரபராதியாகவே கருதப்பட வேண்டும் என்னும் கொள்கையை 1895இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் அடித்தளம் என்று வருணித்திருக்கிறது. இந்தக் கொள்கையைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு தனிமனிதரும் தம் மனத்தில் எந்தச் சந்தேகமும் கொள்ளக் கூடாது என்று அது கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் காவல்துறையால் ஒருவரைக்கூடக் கைது செய்ய முடியாது. நிரூபிக்கும் பொறுப்பு முழுவதும் குற்றம் சாட்டும் அரசின் தலையில் இருக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவர் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை என்பதே அதன் பொருள். மாணவர்களுக்கு நடந்தது இதன் நேர்மாறானது. அமைதியாக இருந்தபோது, மறைக்கிறார்கள் என்றார்கள். மறுத்தபோது, ஒருவரையொருவர் காப்பாற்றுகிறார்கள் என்றார்கள்.

மறைக்கப்பட்ட அறிக்கை

அரசு ஆய்வகத்தில் எதுவும் பொருந்தாததால், நுணுக்கமான சோதனைக்காக மாதிரிகள் ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. வேறு சில ஆண்களின், குறைந்தது நான்கு பேரின், மரபணுத் தடயங்கள் அந்த மாதிரிகளில் இருப்பதையும் அவற்றில் ஒன்றுகூட எந்த லாக்ராஸ் வீரருடையதும் அல்ல என்பதையும் அந்த ஆய்வகம் கண்டது. அந்தப் பெண்ணின் தனிவாழ்க்கையைக் கிளறுவது இங்கே நோக்கமன்று. வேறு ஆண்களின் தடயத்தையே இவ்வளவு துல்லியமாகக் காட்டிய சோதனை, அன்றிரவு மூன்று பேர் தாக்கியிருந்தால் அவர்களில் ஒருவரின் தடயத்தைக்கூடக் காட்டாமல் விட்டிருக்குமா என்பதே கேள்வி. மே 12ஆம் தேதியிட்ட ஆய்வக அறிக்கையில் இந்தக் கண்டுபிடிப்பு இடம்பெறவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கிய ஆதாரம் அரசிடம் இருந்தால் அதை எதிர்த் தரப்புக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது 1963 முதல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் விதி. வட கரோலினா ஒரு படி மேலே சென்றது. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஒருவருக்குச் சாதகமான சாட்சியங்கள் மறைக்கப்பட்டது தெரியவந்து, 2004இல் மறுவிசாரணையில் அவர் விடுதலையான பின், அரசுத் தரப்பின் கோப்பு முழுவதையும் எதிர்த் தரப்புக்குத் திறந்துகாட்ட வேண்டும் என்று அதே ஆண்டில் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பயனாகத்தான், பெரும் போராட்டத்துக்குப் பின், ஆய்வகத்தின் மூலத் தரவுகள் ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட பக்கங்களாக மாணவர்களின் வழக்கறிஞர்களிடம் வந்து சேர்ந்தன. அவர்களில் ஒருவரான பிராட் பேனன் மரபணு அறிவியலைத் தாமே படித்துக்கொண்டு, அந்த எண்களுக்குள் புதைந்திருந்ததைக் கண்டுபிடித்தார்.

2006 டிசம்பர் 15ஆம் தேதி, ஆய்வக இயக்குநர் பிரையன் மீஹனைப் பேனன் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்தார். பொருந்தும் முடிவுகளை மட்டும் அறிக்கையில் எழுதுவது என்று தாமும் நைஃபாங்கும் பேசி முடிவெடுத்ததை மீஹன் ஒப்புக்கொண்டார். வழக்கு அங்கே உடைந்தது. ஒரு வாரத்தில் வன்புணர்வுக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. மாநில வழக்கறிஞர் மன்றம் நைஃபாங் மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியது. ஜனவரியில் அவர் வழக்கிலிருந்து விலக, மாநிலத் தலைமை வழக்கறிஞர் ராய் கூப்பரிடம் அது சென்றது.

கூப்பரின் அலுவலகம் எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரித்தது; அந்தப் பெண்ணிடமும் நேரில் விரிவாகப் பேசியது. 2007 ஏப்ரல் 11ஆம் தேதி எஞ்சிய குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். வழக்கமாக இத்தகைய அறிவிப்புகளில் ‘போதிய ஆதாரம் இல்லை’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மூன்று மாணவர்களும் நிரபராதிகள் என்றே கூப்பர் அறிவித்தார். உண்மையைச் சரிபார்க்காமல் குற்றம் சாட்ட அவசரப்பட்டதன் விளைவு இது என்றார். ஜூன் 16ஆம் தேதி நைஃபாங்கின் வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டது. ஆதாரம் அனைத்தையும் கொடுத்துவிட்டதாக நீதிபதியிடம் பொய் சொன்னதற்காக, நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்தில் நீதிபதி ஆஸ்மண்ட் ஸ்மித் அவருக்கு ஒரு நாள் சிறைத் தண்டனை விதித்தார். மாணவர்கள் எதிர்நோக்கியிருந்தது ஏறத்தாழ 30 ஆண்டுச் சிறை. 2024 டிசம்பரில், வேறொரு கொலை வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த நிலையில், தாம் அன்று சொன்னது பொய் என்று அந்தப் பெண் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

தவறாக எடுத்துக்கொள்ளப்படும் பாடங்கள்

இந்த வழக்கைச் சுட்டிக்காட்டி, பாலியல் புகார் கூறும் பெண்களை நம்பக் கூடாது என்று வாதிடுவோர் இன்றும் இருக்கிறார்கள். ஒரு வழக்கில் புகார் பொய்யாக இருந்தது என்பதால் அடுத்த வழக்கிலும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டுவது, அதே அவசரத் தீர்ப்பை எதிர்த் திசையில் வழங்குவதாகும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நீச்சல் வீரர் ஒருவர், மயங்கிக் கிடந்த பெண்ணிடம் அத்துமீறியபோது அவ்வழியே வந்த இரண்டு மாணவர்களால் பிடிக்கப்பட்டார். 2016இல் ஜூரி அவரைக் குற்றவாளி என்று அறிவித்தது. அந்த வழக்கிலோ, அவர் எவ்வளவு திறமையான விளையாட்டு வீரர் என்பதும் அவருடைய எதிர்காலம் என்னவாகும் என்பதும்தான் பலருக்குக் கவலையாக இருந்தன. ஆறு மாதத் தண்டனை விதித்த நீதிபதியை 2018இல் வாக்காளர்கள் பதவியிலிருந்து நீக்கினார்கள். டர்ஹாமில் விளையாட்டு வீரர் என்ற அடையாளம் குற்றத்துக்கு ஆதாரமாயிற்று. ஸ்டான்ஃபோர்டில் அதே அடையாளம் கருணைக்குக் காரணமாயிற்று. இரண்டுமே செயலை விட்டுவிட்டு ஆளைப் பார்த்த பார்வைகள்.

இனத்தைப் பற்றியும் ஒரு சொல். டர்ஹாமின் கறுப்பின மக்களில் பலர் அந்தப் புகாரை உடனே நம்பியதற்கு வரலாற்றில் வலுவான காரணம் இருக்கிறது. கறுப்பினப் பெண்கள் மீதான வன்முறை அமெரிக்கத் தென் மாநிலங்களில் தலைமுறை தலைமுறையாக விசாரிக்கப்படாமலே போயிற்று. அதே தென் மாநிலங்களில் அவசரத் தீர்ப்புக்கு மிகப் பெரிய விலை கொடுத்தவர்களும் கறுப்பினத்தவரே. 1931இல் அலபாமா மாநிலத்தில் இரண்டு வெள்ளைப் பெண்களின் புகாரின்பேரில் ஒன்பது கறுப்பினச் சிறுவர்களும் இளைஞர்களும் பிடிக்கப்பட்டு, ஸ்காட்ஸ்போரோ நகரில் சில வாரங்களிலேயே எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் பெண்களில் ஒருவர் 1933இல் தம் புகாரைத் திரும்பப் பெற்ற பின்னும் அவர்கள் பல ஆண்டுகள் சிறையில் கழித்தார்கள். வரலாறு ஒரு புகாரை ஏன் அக்கறையோடு விசாரிக்க வேண்டும் என்று சொல்லும். அந்தப் புகார் உண்மையா என்று அதனால் சொல்ல முடியாது.

டியூக் மாணவர்கள் தப்பியதற்கு அவர்கள் குற்றமற்றவர்களாக இருந்தது மட்டும் காரணமன்று. கைப்பேசிப் பதிவுகளைத் திரட்டவும், மரபணுத் தரவைப் பக்கம் பக்கமாகப் படிக்கவும் வழக்கறிஞர் குழுவை அமர்த்த அவர்களுடைய குடும்பங்களால் முடிந்தது. அதே டர்ஹாமில், 1991ஆம் ஆண்டின் இரட்டைக் கொலைக்காக 1995இல் தண்டிக்கப்பட்ட கறுப்பினத்தவர் ஒருவர் இருந்தார். அந்த வழக்கிலும் மரபணு அவரோடு பொருந்தவில்லை. அந்த வழக்கையும் அரசுத் தரப்பில் நடத்தியவர் மைக் நைஃபாங்தான். இருபது ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் இருந்த பிறகு, 2016இல்தான் அவர் வெளியே வந்தார். அவருடைய வீட்டு வாசலில் எந்தத் தொலைக்காட்சிக் குழுவும் 1995இல் காத்துக்கிடக்கவில்லை. ஆக, ஊடகப் பரபரப்பு இருந்தால்தான் அவசரத் தீர்ப்பு நிகழும் என்பதில்லை. பரபரப்பு இல்லாத இடத்தில் அதைத் திருத்துவதற்கு ஆளும் இருப்பதில்லை.

2007இல் வட கரோலினா சட்டமன்றம் அடையாள அணிவகுப்புகளுக்கென ஒரு தனிச் சட்டம் இயற்றியது. அது 2008 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தது. வழக்கோடு தொடர்பில்லாத அதிகாரியே அணிவகுப்பை நடத்த வேண்டும், சந்தேகத்துக்குரிய ஒருவருக்குக் குறைந்தது ஐந்து வேற்றுப் படங்களாவது இருக்க வேண்டும், குற்றவாளி இந்தப் படங்களில் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பன அதன் விதிகளில் சில. சாட்சியங்களின் தரம் உயர இது பெரிதும் உதவும். ஆனால் தொடர்பில்லாத அதிகாரியும் ஐந்து வேற்றுப் படங்களும் வேண்டும் என்னும் விதி, 2006 ஏப்ரல் 4ஆம் தேதி அந்த 46 படங்கள் காட்டப்பட்ட நாளிலும், டர்ஹாம் காவல்துறையின் சொந்த நடைமுறை ஆணையில் எழுதப்பட்டே இருந்தது.